மின்மானி பேசுகிறது

சென்ற கார்த்திகை விளக்கீட்டன்று மாலை, ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் செல்லும் வீதியிற் பயணஞ் செய்தோம். கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் மங்கிய வெள்ளித் தகடு போலக் கிடந்தது. எதிர்மலைச் சரிவில் லயங்களின் வாசல்தோறும் சிட்டிவிளக்குகள் மினுங்கின. அவற்றுக்கு மேலே, மலையின் தோளில், தேயிலைத் தொழிற்சாலையொன்றின் சாளரங்கள் வரிசை வரிசையாக ஒளி வீசின. அங்கிருந்து இடையறாத ஓர் இரைச்சல் காற்றில் மிதந்து வந்தது. அன்று பறித்த கொழுந்தை இரவு முழுவதும் வாட்டும் விசிறிகளின் ஓசை அது.

சிட்டியில் எவ்வளவு எண்ணெய் விட்டோம் என்பது விளக்கேற்றிய பெண்ணுக்குத் தெரியும். எண்ணெய் குறைவதையும் அவள் கண்ணாற் காண்கிறாள். ஆனால், அந்த நெடிய கட்டடத்துள் சுழலும் விசிறிகளும் உருளைகளும் எவ்வளவு மின்வலுவை உண்கின்றன என்பதை யார் காண்கின்றனர்? மாதம் முடிந்து பட்டியல் வந்த பின்னரே தொகை தெரிகிறது. உண்டு முடித்து இலையை எடுத்த பின்னர் விலை சொல்லும் உணவுக்கடை போன்ற வழக்கம் இது.

இவ்வழக்கத்தை மாற்ற முயன்ற ஒருவரைக் காணவே நாம் அன்று சென்றோம். அவர் எம்மிடம் பயின்ற பழைய மாணவர்; இப்போது அத்தொழிற்சாலையில் மின்வினைஞர். "சேர், எங்கள் மீற்றருக்கு வாய் வந்துவிட்டது, ஒருமுறை வந்து கேட்டுப் போங்கள்" என்று அவர் தொலைபேசியிற் கூறியிருந்தார். மின்மானி பேசுவது எங்ஙனம்? அது பேசுவதனால் யாருக்கு என்ன பயன்? அங்கு கண்டதையும் கேட்டதையும் வாசகர்களோடு, சிறப்பாக மாணவர்களோடு, பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ஆறுகள் தந்த வலு

மலையகத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. வெள்ளையர் காலத்திலேயே தோட்டங்கள் பல, தம் எல்லைக்குள் விழும் ஓடைகளைக் குழாய்வழி இறக்கிச் சிறு சுழலிகளைச் சுழற்றின. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து கில்க்ஸ் நிறுவனத்தின் சுழலிகள் கப்பலேறி வந்து இம்மலைகளில் உழைத்தன. பின்னர், நாட்டுக்கே ஒளியூட்டும் ஆற்றல் இந்நீருக்கு உண்டென்று கணக்கிட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் சிறு மின்நிலையம் அமைய வழிசெய்த அவர், 1918ஆம் ஆண்டு இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் தமது பெருந்திட்டத்தை விரித்துரைத்தார். இடையில் எத்தனையோ தடைகள் நேர்ந்தன. 1950ஆம் ஆண்டிலேதான் லக்சபான மின்நிலையம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 1953இல், அவர் மறைந்தார். தம் கனவு ஒளியானதைக் கண்ட பின்னரே கண்மூடினார் என்பது ஓர் ஆறுதல்.

அதன் பின் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ, மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை என நீர்த்தேக்கங்கள் எழுந்தன. விமலசுரேந்திர, பொல்பிட்டிய, புதிய லக்சபான, கெனியன் ஆகிய மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. மவுசாகலை நீர் பரந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் அமிழ்ந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றும் காலங்களில் அந்நகரத்துக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சிதைந்த நிலையில் தலைகாட்டுகின்றன. இம்மலையின் நீர், கொழும்பின் விளக்குகளுக்காக ஓர் ஊரையே விலையாகக் கொண்டது. ஆனால், அந்நீர் வீழும் மலைகளில் வாழ்ந்த தொழிலாளரின் லயங்களிற் பல, அதன் பின்னும் பல்லாண்டு காலம் மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கிலேயே இரவைக் கழித்தன. விளக்கின் அடியில் இருள் என்பது பழமொழி. மலையகத்தில் அது வரலாறு.

ஒரு லயம், ஒரு மீற்றர்

எம் மாணவரின் இளமைக் கதையும் இவ்வரலாற்றோடு பின்னியதே. தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர் அதைக் கூறினார். அவர் பிறந்த லயத்தில் ஆறு வீடுகள். மின்சாரம் வந்தபோது ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீற்றர் பொருத்தப்பட்டது. மாதந்தோறும் வரும் தொகையை ஆறாகப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். ஒரு வீட்டில் தொலைக்காட்சியும் மின்னழுத்தியும் இருந்தன. தந்தையை இழந்த அவர் வீட்டிலோ ஒரே ஒரு குமிழ். அதன் கீழேதான் அவர் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தார். இரு வீடுகளும் செலுத்திய பங்கு ஒன்றே.

"அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார், சேர். 'எங்கள் வீட்டில் ஒரு விளக்குத்தானே, எங்களுக்கும் இவ்வளவா?' என்றார். 'நீ எவ்வளவு எரித்தாய் என்று யாருக்குத் தெரியும்? உன் மகன் விடியவிடியப் படிக்கிறானே' என்று பதில் வந்தது. அன்று முதல் எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம். நான் கோயில் மண்டபத்து வெளிச்சத்திற் படித்தேன்."

அந்த அயலவரும் கொடியவர் அல்லர் என்று அவரே கூறினார். குறை மனிதரிடத்தில் இல்லை; அளவு இல்லாமையே குறை. வீட்டுக்கு வீடு அளந்தறிய வழி இல்லாத இடத்தில் உண்மை பேசுபவரும் தம் வழக்கை நிறுவ இயலாது. பிற்காலத்தில் வீட்டுக்கொரு மீற்றர் வந்ததும் அச்சண்டை ஒரே மாதத்தில் ஓய்ந்ததாம். "அந்தச் சிறிய பெட்டிதான் என்னை மின்வினைஞனாக்கிற்று" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

தோட்டத்து மக்களுக்கு அளவின் அருமையைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் நாள்தோறும் அவர்கள் தராசின் முன் நிற்கின்றனர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்பது தலைமுறை தலைமுறையாக அங்கே நடக்கும் வழக்கு. தராசின் முகம் யாரை நோக்கியிருக்கிறது என்பதிலேதான் பாதி நியாயம் அடங்கியிருக்கிறது.

தொழிற்சாலையின் பசி

தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இனி நுழைவோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து, ஒரு கிலோ தேயிலையாகிறது. எஞ்சியதெல்லாம் ஆவியாகப் போகும் நீர். அந்நீரிற் பெரும்பகுதியை முதலிற் போக்குவது வாட்டுதல். நீண்ட தொட்டிகளிற் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து விசிறிகளாற் காற்றைச் செலுத்துவர். பன்னிரண்டு மணி முதல் பதினெட்டு மணி நேரம் வரை இது நடக்கும். பின்னர் உருளைகள் இலையைக் கசக்கிப் பிழியும். புளிப்பேறிய இலை உலர்த்தியிற் காய்ந்து, சல்லடைகளில் தரம் பிரியும். உலர்த்திக்கு வேண்டிய வெப்பம் பெரும்பாலும் விறகினாற் பெறப்படுகிறது. ஏனைய யாவற்றுக்கும் மின்வலுவே துணை.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பத்துக் குதிரைவலுவுள்ள ஒரு விசிறி, முழுச் சுமையில் சுமார் ஏழரைக் கிலோவாற்று வலுவைக் கொள்ளும். பதினான்கு மணி நேரம் ஓடினால் 105 அலகு. அத்தகைய விசிறிகள் எட்டு இருப்பின் ஓரிரவுக்கு 840 அலகு. குறைந்த வருவாயுள்ள ஒரு சிறு குடும்பம் ஓராண்டில் எரிக்கக்கூடிய அளவை அத்தொழிற்சாலை ஓரிரவிலேயே உண்டுவிடும்.

தொழிற்சாலையின் பட்டியல் வீட்டுப் பட்டியலைவிடச் சிக்கலானது. அதில் மூன்று கூறுகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, நாளின் எப்பொழுதில் மின்சாரம் எரிந்தது என்பது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள உச்ச வேளையில் ஓர் அலகின் விலை மிகக் கூடியது, இரவு 10.30 முதல் விடியற்காலை 5.30 வரை குறைந்தது. இரண்டாவது, அம்மாதத்தின் உச்சக் கேள்வி. கால்மணி கால்மணியாக அளந்து, மாதம் முழுவதிலும் மிகக் கூடிய சுமை எழுந்த ஒரே ஒரு கால்மணி நேரத்தைக் கொண்டு தனிக் கட்டணம் விதிக்கின்றனர். மூன்றாவது, வலுக்காரணி. மின்னியக்கிகள் உண்மையில் வேலை செய்யும் வலுவுடன், வேலை செய்யாது வந்து மீளும் ஓர் ஓட்டத்தையும் கம்பியில் ஏற்றிவிடுகின்றன. 100 கிலோவாற்று வேலைக்கு வலுக்காரணி 0.8 ஆயின் 125 கிலோவோல்ற்று அம்பியர் வேண்டும். கொள்ளளவிகளைப் பொருத்தி அதை 0.95 ஆக உயர்த்தினால் ஏறக்குறைய 105 போதும். வேலை ஒன்றே, கட்டணமோ வேறு.

இம்மூன்றையும் மாத முடிவில் ஒரு தாளிற் பார்த்து என்ன செய்வது? நோய் முற்றிய பின் நாடி பார்ப்பதை ஒக்கும்.

கருவி காணும் வகை

மின்மானியின் வரலாறு நீண்டது. ஹங்கேரி நாட்டின் கன்ஸ் நிறுவனத்துப் பொறியியலாளர் ஒட்டோ பிளாதி 1889ஆம் ஆண்டு ஆக்கிய தூண்டல் மானியே, எமது வீட்டுச் சுவர்களில் அலுமினியத் தட்டுச் சுழல நாம் பார்த்துப் பழகிய மானியின் முன்னோடி. அது எவ்வளவு எரிந்தது என்று மட்டும் சொல்லும். எப்பொழுது, எந்த இயந்திரத்தில் என்று சொல்லாது. இன்றைய மின்னணு மானியோ, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, பெருக்கி, கூட்டி, வலு, அலகு, வலுக்காரணி முதலிய பலவற்றைத் தன்னுள்ளே எழுதி வைத்துக்கொள்கிறது.

தொழிற்சாலையின் பிரதான கம்பியில் ஓடும் பெரும் ஓட்டத்தை அச்சிறு பெட்டிக்குள் நேரே விட இயலாது. ஆகவே, கம்பியைச் சுற்றி வளையம் போன்ற ஓட்ட நிலைமாற்றியைப் பொருத்துகின்றனர். மின்வினைஞர் வாயில் அதன் பெயர் 'சீ.ரி.' 200க்கு 5 என்ற விகிதமுடைய சீ.ரி., கம்பியில் 200 அம்பியர் ஓடும்போது மானிக்கு 5 அம்பியரையே அனுப்பும். இந்த விகிதத்தை மானிக்கு நாம் சரியாகச் சொல்லி வைத்தல் வேண்டும். 200க்கு 5 என்பதற்குப் பதிலாக 100க்கு 5 என்று சொல்லிவிட்டால், அது காலமெல்லாம் பாதிக் கணக்கையே ஒப்புவிக்கும்.

மாணவர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையை மனத்திற் பதித்துக்கொள்க. பிரதான கம்பியில் மின்னோட்டம் இருக்கையில் சீ.ரி.யின் மானிப்பக்கக் கம்பிகளைக் கழற்றித் திறந்துவிடுதல் ஆகாது. திறந்த முனைகளில் உயிர்கொல்லும் உயரழுத்தம் எழும். முதலில் இரு முனைகளையும் குறுக்கே இணைத்துவிட்டே மானியைத் தொடுதல் வேண்டும். இது பயிற்சி பெற்ற மின்வினைஞரின் வேலை; பார்த்துப் பழகலாம், தனியே கைவைக்கலாகாது.

பெரட்டுக்களமும் பெயரழைப்பும்

அளந்ததை மானி தனக்குள் வைத்திருந்தாற் போதுமா? அதைக் கேட்டு வாங்குவதே வலையமைப்பின் பணி. எம் மாணவர் பிரதான பலகையில் ஒன்று, வாட்டும் மாடிக்கு ஒன்று, உருளை அறைக்கு ஒன்று, உலர்த்திக்கும் சல்லடைக்கும் ஒவ்வொன்று என ஐந்து மானிகளைப் பொருத்தி, முறுக்கிய இரட்டைக் கம்பியொன்றினால் அவற்றைத் தொடுத்திருந்தார். இக்கம்பிமுறைக்கு ஆர்.எஸ். 485 என்று பெயர். ஒரே இணைப்பில் 32 கருவிகள் வரை தொடுக்கலாம். சுமார் 1200 மீற்றர் தூரம் வரை செய்தி செல்லும். அக்கம்பியின்மீது கருவிகள் பேசும் மொழி மொட்பஸ். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொடிக்கொன் நிறுவனம் வகுத்த இம்மொழி, எளிமையின் காரணமாக இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது.

அதன் ஒழுங்கைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது. விடியற்காலைப் பெரட்டுக்களத்தை நினைத்துக்கொள்க. செக்ரோலைக் கையில் வைத்துக் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராக அழைக்கிறார். அழைக்கப்பட்டவர் மட்டுமே பதில் கொடுக்கிறார். ஏனையோர் அமைதி காக்கின்றனர். இங்கும் அவ்வாறே. கேட்பவர் ஒருவர், விடையளிப்போர் பலர். ஒவ்வொரு மானிக்கும் 1 முதல் 247 வரை ஓர் இலக்கம் உண்டு. "மூன்றாம் இலக்கமே, உன் இன்ன அறையில் உள்ளதைச் சொல்" என்று கேட்டால் மூன்றாவது மானி மட்டும் விடை தரும்.

முதல் நாளிலேயே ஒரு குழப்பம் எழுந்ததாம். இரு மானிகள் எவ்வளவு அழைத்தும் சரியாக விடை தரவில்லை. காரணம் யாது? விற்பனைக்கு வரும்போது எல்லா மானிகளும் ஒன்றாம் இலக்கத்தையே தாங்கி வந்துள்ளன. இரண்டிற்கு இலக்கம் மாற்ற மறந்துவிட்டார். ஒரே பெயருடைய இருவர் பெரட்டில் ஒருங்கே "ஆம்" என்றால் எவர் குரலும் விளங்காதன்றோ? இலக்கத்தை மாற்றியதும் குழப்பம் நீங்கிற்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. மானியின் ஒவ்வோர் அறையிலும் 65,535 வரையுள்ள எண்ணையே எழுதலாம். அதனிற் பெரிய எண்ணையும் தசம எண்ணையும் இரண்டு அறைகளிற் பிரித்து எழுதுவர். எந்த அறை முன், எந்த அறை பின் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். முன்பின் மாறிப் படித்தால், 230 வோல்ற்று இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எண் தோன்றும். கருவியுடன் வரும் கைந்நூலைப் பொறுமையாகப் படிப்பவருக்கு இது சிறு வேலை. படியாதவருக்கோ மூன்று நாள் தலைவலி.

கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடையொன்றை வைத்தால் செய்தி எதிரொலித்து மயங்காது. செய்திக்கம்பியை மின்வலுக் கம்பிகளோடு ஒரே குழாயில் இழுத்தலும் கூடாது. இடிமின்னல் மிகுந்த பங்குனி, சித்திரை, ஐப்பசி மாதங்களை எண்ணி, கட்டடத்துக்குக் கட்டடம் செல்லும் இடங்களில் மின்னற் காப்பும் வைத்தல் வேண்டும். இறுதியில் ஒரு சிறு இடைப்பெட்டி, இக்கம்பியின் மொழியைக் கணினி வலையமைப்பின் மொழிக்கு மாற்றி, அலுவலகக் கணினிக்கு அனுப்புகிறது.

இனித்த கணக்கு

எல்லாம் இணைந்த அன்று திரையில் எண்கள் தோன்றின. அனைவருக்கும் பெருமகிழ்ச்சி. தொழிற்சாலையின் மொத்த வலு 20 கிலோவாற்று என்று காட்டிற்று. "பார்த்தீர்களா, நாம் இவ்வளவு சிக்கனமாகவா இருக்கிறோம்!" என்று அலுவலகத்தார் வியந்தனர். எம் மாணவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மின்சாரம் வழங்குவோர் பொருத்திய மீற்றரின் முன் ஒரு மணி நேரம் நின்று, கூடிய அலகுகளைக் குறித்துப் பார்த்தார். அது 60 அலகு என்றது!

பிழை மிகச் சிறியது. மூன்று கட்டங்களுள் ஒன்றின் சீ.ரி. வளையம் திசை மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. அதனால் அக்கட்டத்தின் வலு கூட்டப்படாமற் கழிக்கப்பட்டது. இருபதும் இருபதும் நாற்பது. அதில் இருபது போக எஞ்சியது இருபது. மின்சாரத்தை நிறுத்தி, வளையத்தைத் திருப்பி வைத்ததும் கணக்கு நேராயிற்று.

இதை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கணினித் திரையிற் தோன்றுவதெல்லாம் மெய்யென்று நம்பும் காலம் இது. கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் தவறாகக் கேட்டால் தவறாகச் சொல்லும். கணக்குக் கசக்கும்போது மட்டுமன்றி, இனிக்கும்போதும் ஐயுறுதல் அறிவுடைமை.

அந்த ஒரு கால்மணி

சரியான எண்கள் வரத் தொடங்கி ஒரு மாதம் கழிந்தது. அம்மாதத்தின் உச்சக் கேள்வி எப்பொழுது எழுந்தது என்று திரையிற் பார்த்தனர். ஓர் அதிகாலை. அன்றிரவு மின்வெட்டு ஏற்பட்டுப் பின்னர் மின்சாரம் மீண்டிருந்தது. விட்ட வேலையைப் பிடிக்க வேண்டுமென்று வாட்டும் விசிறிகள், உருளைகள், சல்லடைகள், நீரிறைக்கும் பம்பி யாவற்றையும் ஒருங்கே ஓட்டினர். அவசரம் நீடித்தது அரைமணி நேரந்தான். அதனுள் அடங்கிய ஒரே கால்மணிக்காக மாதம் முழுவதற்குமுரிய கட்டணம் உயர்ந்தது. பம்பியும் சல்லடையும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் எவருக்கும் நட்டமில்லை. இப்போது, மின்சாரம் மீண்டால் எது முதல், எது பின் என்ற வரிசை பலகையில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

விசிறிகளின் வழக்கு அவ்வளவு எளிதன்று. மாலைக் கொழுந்து வந்து சேரும் வேளையும் உச்சக் கட்டண வேளையும் ஒன்றே. "விசிறிகளை 10.30க்குப் பின்னர் ஓட்டலாமே" என்றார் அலுவலகத்தார். தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் கடிந்து மறுத்தார். காற்றின்றிக் குவிந்திருக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். கரண்டு மிச்சம் பிடிக்கப் போய்த் தேயிலையைக் கெடுத்தால் ஏலத்தில் விலை விழும் என்பது அவர் வாதம். அவர் கூறியதே சரி.

ஈற்றில் இருவருக்கும் உடன்பாடான வழியொன்று கிடைத்தது. கொழுந்தின் மேலுள்ள ஈரம் போகும் வரையே முழுக் காற்று வேண்டும். வாடவாடக் காற்றைக் குறைக்கலாம். விசிறியின் வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால், அது கொள்ளும் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்ப வலு மாறுவது விசிறியின் இயல்பு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய இரு தொட்டிகளில் இதைச் செய்து பார்த்து, இரவுதோறும் எண்களை ஒப்பிட்டு, தேயிலையின் சுவையையும் டீமேக்கர் சோதித்த பின்னரே ஏனைய தொட்டிகளுக்கு விரித்தனர். அளவுகோல் கையிலிருந்தமையால் வாக்குவாதம் ஆராய்ச்சியாக மாறிற்று.

வாயிலைப் பூட்டுக

வலையமைப்பு என்பது வீதி போன்றது. நல்லாரும் வருவர், அல்லாரும் வருவர். மொட்பஸ் மொழியிற் கடவுச்சொல் இல்லை. எவர் கேட்டாலும் மானி விடை சொல்லும். கட்டளை ஏற்கும் கருவியாயின் எவர் சொன்னாலும் செய்யும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதி உக்ரேன் நாட்டில், மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுள் புகுந்த பகைவர், ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம் வாடிக்கையாளரின் மின்சாரத்தைத் துண்டித்தனர். ஆகவே, இக்கருவிகளைப் பொது இணையத்துக்கு நேரே திறந்து வைத்தல் ஆகாது. காப்பரணுக்குப் பின்னே தனி வலையமைப்பில் வைத்து, படிப்பதற்கு மட்டும் உரிமை கொடுத்து, தொழிற்சாலையில் இட்டுவந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல் வேண்டும்.

நாடு கற்ற பாடம்

ஒரு தொழிற்சாலைக்கு மட்டுமுரிய செய்தியன்று இது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது பலருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று நிலைமாற்றியைத் தொட்டதே காரணமென்று அன்றைய மின்சக்தி அமைச்சர் கூறியபோது நகைத்தவர் பலர். ஆனால், நகைப்புக்கு அப்பால் ஒரு பாடம் இருந்தது. தொழிற்சாலைகள் ஓய்ந்த விடுமுறை நாளில் மின்தேவை குறைவு. கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளின் வழங்கலோ மிகுதி. அந்நிலையில் வலையமைப்பின் உறுதி தளர்ந்திருந்தமையால் சிறு அதிர்ச்சியையும் அது தாங்கவில்லை. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு வீட்டுக்காரரிடம் பொது அறிவித்தல் மூலம் வேண்டிக்கொள்ள நேர்ந்தது. ஆயிரமாயிரம் கூரைகளில் பிறக்கும் மின்சாரத்தை, பிறக்கும் கணத்திலேயே ஓரிடத்திலிருந்து கண்டு நெறிப்படுத்தும் இணைப்பு அமையாத நாட்டில், அறிவித்தலைத் தவிர வேறு வழி யாது?

தராசின் முகம்

புறப்படும் முன் அந்தத் திரையைக் காண விரும்பினோம். அது அலுவலக அறையில் இருக்குமென்று எண்ணினோம். எம் மாணவர் எம்மை வாட்டும் மாடியின் படியடிக்கு அழைத்துச் சென்றார். வேலையாட்கள் யாவரும் கடந்து செல்லும் இடத்தில், சுவரில், பெரிய எண்களுடன் அத்திரை தொங்கிற்று. அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது. இங்கும் ஒன்று வேண்டுமென்று அவர் பலமுறை கேட்டுப் பெற்றாராம்.

அங்கே தொட்டியிலிருந்து வாடிய கொழுந்தை அள்ளிக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் எம்மைக் கண்டு, "மாஸ்டர் ஐயா, இந்த நம்பர் குறைந்தால் எங்கள் சம்பளம் கூடுமா?" என்று கேட்டார்.

இத்தனை விளக்கங்களையும் கேட்டு வந்த எமக்கு, அவ்வெளிய கேள்விக்கு விடை கூற நா எழவில்லை. நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டு 1000 ரூபாவாகவும் 2024ஆம் ஆண்டு அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் உயர்வதற்கு அம்மக்கள் பட்ட பாட்டை நாடறியும். ஒவ்வொரு முறையும் உற்பத்திச் செலவு கட்டுப்படியாகவில்லை என்ற வாதம் எழுந்ததையும் நாடறியும்.

எமக்காக எம் மாணவரே விடை கூறினார். "கூடும் என்று நான் சொல்லமாட்டேன், அம்மா. அது இந்தப் பெட்டியின் கையில் இல்லை. ஆனால், செலவு கட்டவில்லை என்று இனி யாராவது சொன்னால், எவ்வளவு, எதில் என்று நாமும் கேட்கலாம். நம்பர் நமக்கும் தெரியுமே."

அப்பெண்மணி சற்று நேரம் திரையைப் பார்த்தார். பின்னர், "அந்தக் கடைசித் தொட்டி காத்தாடி சும்மா ஓடுது, தம்பி, கொழுந்து எடுத்தாச்சு" என்றார். எம் மாணவர் ஓடிச்சென்று அதை நிறுத்தினார். சில நொடிகளில் திரையின் எண் ஏழு குறைந்தது. "குறைஞ்சிருச்சு!" என்று அவர் கூவினார், அருகிருந்தோரும் சிரித்தனர்.

வெளியே வந்தபோது லயத்து வாசல்களிற் சிட்டிவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு விசிறி குறைந்த இரைச்சலை எம் செவி பிரித்தறிந்ததா, அன்றி மனம் கற்பித்துக்கொண்டதா என்று தெரியவில்லை. மாணவர்களே, மின்சாரமும் கணினியும் கற்கும்போது, கருவியை இணைக்கும் வித்தையோடு நின்றுவிடாதீர்கள். அளந்த எண் யார் கண்ணுக்குத் தெரியும்படி தொங்குகிறது என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.